லூபஸ் உள்ளவர்களின் மறதியும் மனச்சோர்வும்: நாம் செய்யும் தவறுகள்

கையில் சாவி இருக்கிறது. அதன் பெயர்தான் வாயில் வரவில்லை. "அதான்... பூட்டைத் திறக்கிறது..." என்று அவர் திணறும்போது எதிரில் இருப்பவர் சிரித்துவிடுகிறார். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோயான லூபஸ் உள்ள பலருக்கும் பழக்கமான கணம் இது.

மறதி, கவனம் சிதறுவது, காரணம் தெரியாத அழுகை, பதற்றம் எல்லாம் மூட்டுவலியைப் போலவே இந்த நோயோடு வரக்கூடியவை. நரம்பு மண்டலத்தையும் மனதையும் லூபஸ் பாதிக்கும் விதங்களை அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி 1999-இல் 19 வகைகளாகப் பிரித்தது. சிந்தனைத் தடுமாற்றமும் மனநிலைக் கோளாறும் அதில் இருக்கின்றன. அப்படியிருக்க, "மனசைத் திடமா வெச்சுக்கோ" என்று சொல்லி முடித்துக்கொள்வது அந்த மனிதரைத் தனியே விட்டுவிடுவதுதான். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதால் பிரச்சினையே இல்லை என்று நினைப்பதும் தவறு. ஸ்கேன் சரியாக இருந்தும் தடுமாற்றம் இருக்கலாம்.

எனக்கு மிகவும் பயம் தருவது, ஸ்டீராய்டுதான் காரணம் என்று முடிவுகட்டி மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவது. லூபஸுக்குத் தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும் என்பது உண்மை. நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டினால் மனநிலை பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடுகிறது. பெரும்பாலும் ஆரம்பித்த முதல் சில வாரங்களில். ஆனால் லூபஸ் மூளையைத் தாக்கினாலும் இதே அறிகுறிகள் வரும். ஒன்றுக்கு மருந்தைக் குறைக்க வேண்டும், மற்றதற்குக் கூட்ட வேண்டியிருக்கலாம். இதை வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க முடியாது. பல வாரங்கள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் போதாமல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருத்துவருக்கு உண்மையில் உதவுவது தேதிகள். மருந்தின் அளவு என்று மாறியது, தூக்கம் என்று போனது, அழுகை என்று தொடங்கியது என ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பேசும்போது மறந்துவிடும், மறதிதானே பிரச்சினை! வீட்டில் கூடவே இருப்பவர் ஒருவரும் உடன் போவது நல்லது.

எல்லாப் பழியையும் லூபஸ் மேலேயே போட்டுவிடவும் கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைவு, சரியில்லாத தூக்கம் எல்லாமே மூளையை மந்தமாக்கும். அவற்றைச் சரிசெய்ய வழி உண்டு. மனச்சோர்வுக்கும் மாத்திரை, ஆலோசனை என்று தனிச் சிகிச்சை இருக்கிறது.

காய்ச்சலோடு குழப்பம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வது, இல்லாத குரல் கேட்பது, சாக வேண்டும் என்ற பேச்சு: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றே, அந்த நேரமே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.