வயலோரத்தைச் சும்மா விடுவதற்கும் ஒரு முறை உண்டு

வயலைக் கடைசி அடிவரை உழுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓரத்தில் மண் இறுகியிருக்கும், மரநிழல் விழும், விளைச்சலும் பெரும்பாலும் குறைவுதான். அங்கே 2 முதல் 6 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையைப் பயிரிடாமல், தானாக முளைக்கும் புல்லுக்கும் பூச்செடிகளுக்கும் அவற்றில் வாழும் பூச்சிகளுக்கும் ஒதுக்குங்கள்.

அதில் களைக்கொல்லியோ உரமோ படக் கூடாது. தெளிக்கும்போது காற்று ஓரத்தை நோக்கித் திரும்பினால் நான் வேலையை நிறுத்திவிடுவேன். உரம் விழுந்தால் முரட்டுப் புற்கள் கொழுத்துப் பூச்செடிகளை அமுக்கிவிடும்.

வெட்டுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். செடிகள் பூத்து விதை உதிர்ந்த பிறகு இந்த ஆண்டு ஒரு பாதி, அடுத்த ஆண்டு மறுபாதி என வெட்டினால் போதும். வெட்டாத பாதியின் காய்ந்த தண்டுகளில் முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் பிழைத்திருக்கும். அரிவாளை எடுக்கும் முன், தரையில் பறவைக் கூடு இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். வெட்டியதை அங்கேயே மட்க விடாமல் அள்ளிவிடுங்கள். இந்தப் பட்டைக்கு வளம் கூடவே கூடாது (உழவர் காதுக்குக் கசக்கும் அறிவுரைதான்).

பார்ப்பவர்கள் புதர் மண்டிவிட்டது என்பார்கள். சொல்லட்டும். அந்தப் புல் கொத்துகளில் பதுங்கும் தரை வண்டுகள் பயிருக்குள் புகுந்து வேட்டையாடுகின்றன. பூவில் தேன் குடிக்கும் மலர் ஈக்கள் பலவற்றின் புழுக்கள், பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்கின்றன.

வெயில் படும் இடத்தில் கொஞ்சம் வெறும் மண்ணும் இருக்கட்டும். தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள்தான் கூடு கட்டுகின்றன. டிராக்டரைத் திருப்ப வேறு இடம் வைத்துக்கொள்ளுங்கள்.