நல்ல முதுமைக்குக் குறுக்கே நிற்கும் தவறுகள்

சர்க்கரை, பிரஷர் மாத்திரை இல்லாமல் எழுபதைத் தாண்டினால்தான் நல்ல முதுமை என்று ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. 1997-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் ரோவ், ராபர்ட் கான் இருவரும் ‘வெற்றிகரமான முதுமை’க்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்கள். நோயும் முடக்கமும் குறைவாக இருப்பது, உடலும் அறிவும் நன்றாக இயங்குவது, வாழ்க்கையில் ஈடுபாடு. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டால், மாத்திரை டப்பாவோடு சந்தோஷமாக வாழும் எத்தனையோ பெரியவர்கள் தோற்றவர்களாகிவிடுவார்கள். தான் மதிக்கும் காரியங்களை ஒருவரால் செய்ய முடிகிறதா என்பதையே உலக சுகாதார நிறுவனம் தன் 2015 அறிக்கையில் அளவாக வைத்தது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

அந்தக் காரியங்களை நாமே பாசத்தோடு பறித்துவிடுகிறோம். “நீங்க உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கறேன்” என்று கடை, பேங்க், சமையல் என ஒவ்வொன்றாகக் கையிலிருந்து வாங்கிவிட்டால் மிஞ்சுவது நாற்காலியும் டிவியும்தான். பயன்படுத்தாத தசை அந்த வயதில் வேகமாகக் கரையும், மீட்பது கஷ்டம். வேலையைப் பிடுங்காமல் சுளுவாக்கிக் கொடுக்க வேண்டும். பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் முதுமையில் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார், அவற்றையே அதிகம் பயிற்சி செய்தார், வேகமான இடத்துக்கு முன் நிதானித்து வாசித்து, அடுத்து வரும் வேகம் கூடுதலாகத் தெரியும்படி செய்தார். பாட்டிக்குக் காய் நறுக்கித் தருவோம்; வத்தக்குழம்பு அவர் கைப்பக்குவமாகவே இருக்கட்டும்.

காலை நடையோடு போதும் என்று நிறுத்திக்கொள்வதும் தவறு. 65 வயதுக்கு மேல் வாரம் 150 நிமிட நடையோடு, கீழே விழாமல் காக்கும் சமநிலை, தசைப் பயிற்சிகளும் வாரத்தில் 3 நாளாவது தேவை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது நல்ல தொடக்கம்.

அப்புறம், காது. “வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். கேட்காதவர் பேச்சிலிருந்து மெல்ல விலகுவார். வீட்டில் அதைக் கோபம் என்றோ மறதி என்றோ எடுத்துக்கொள்வார்கள். மறதிநோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளை ‘லான்செட்’ மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் பட்டியலிட்டது. காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறைபாடு இரண்டும் அதில் உண்டு.

வீட்டைப் பிள்ளைகள் பெயரில் செட்டில்மெண்ட் எழுதும்போது, கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை வாய்ப்பேச்சாக விடாதீர்கள், பத்திரத்திலேயே எழுதுங்கள். அது மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். விவரம் கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.