தெருவுக்கடியில் எரிவாயு கசிகிறதா? முதல்முறை பார்ப்பவர்களுக்கு

மஞ்சள் குழாய் பதித்த தெருவில் கசிவு பார்க்கப் போகிற தம்பி, தங்கச்சிகளுக்காக இது. வாயு அளவு காட்டும் கைக்கருவியைத்தான் மீட்டர் என்கிறேன்; அதை ஆன் செய்வதெல்லாம் பெட்டிக்குள் உள்ள புத்தகத்தில் இருக்கிறது; நேரே வேலைக்கு வருகிறேன்.

1. விதி. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2008 பாதுகாப்பு விதிமுறைகள்தான் நமக்கு அடிப்படை. எரியத் தொடங்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே வாயு நாற வேண்டும். குழாய் வாயுவில் பெரும்பகுதி மீத்தேன்; அது காற்றில் 5 சதவீதத்தில் பற்றும். அப்படியானால் 1 சதவீதத்திலேயே வாடை தெரிய வேண்டும். ஆனால் மண் வழியே ஏறும்போது அந்த வாடையை மண்ணே உறிஞ்சிவிடலாம். ஆகவே “நாற்றமில்லை” என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு வராதீர்கள். எத்தனை நாளுக்கொரு முறை கசிவு பார்ப்பது? அமெரிக்க விதியில் கடைவீதிக்கு ஆண்டுக்கொரு முறை, மற்ற இடங்களுக்கு 5 ஆண்டுக்குள் ஒருமுறை. மதுரை மாசி வீதிகளைக் கடைவீதிக் கணக்கில்தான் நான் வைப்பேன்.

2. நடை. சுத்தமான காற்றில் மீட்டரைச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். டீக்கடை அடுப்புப் பக்கம் வேண்டாம். பிறகு குழாய்ப் பாதையிலேயே நடந்து, சாலை வெடிப்பு, நடைபாதைக் கல் இடுக்கு, சுவரோரம் எல்லாம் பாருங்கள். காங்கிரீட் போட்ட தெருவில் வாயு நேரே மேலே வராது, பக்கவாட்டில் ஓடும். மழை பெய்த கையோடு போகாதீர்கள், ஈரமண்ணும் அடைத்துக்கொள்ளும்.

3. மேன்ஹோல். எல்லோரும் திணறும் இடம் இதுதான். சாக்கடையிலும் மீத்தேன் ஊறும். மீட்டர் துடித்ததும் சாலையைத் தோண்டச் சொல்லிவிட்டால், மாநகராட்சிக்கும் உங்களுக்கும் சண்டைதான் மிச்சம். குழாய் வாயுவில் பெரும்பாலும் ஈத்தேன் என்ற இன்னொரு வாயுவும் கலந்திருக்கும். சாக்கடை வாயுவில் அநேகமாக இருக்காது. அதனால் மாதிரி எடுத்து ஈத்தேன் பாருங்கள். லேசர் கருவி தூரத்திலிருந்தே வேகமாகக் காட்டும், ஆனால் இரண்டையும் பிரிக்காது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், உறிஞ்சிப் பார்க்கும் கருவிக்கே என் ஓட்டு. மூடியைத் திறந்து தலையை உள்ளே விடாதீர்கள். கருவியின் உறிஞ்சு குழாயை மட்டும் இறக்குங்கள்.

4. துளை. கசிவு எந்த இடத்தில் என்று பிடிக்க, குழாய்ப் பாதையில் கம்பியால் மண்ணில் துளைகள் போட்டு மீட்டரால் பார்ப்போம். குழாய், மின்கேபிள் வரைபடம் கையில் இல்லாமல் கம்பியை இறக்கக் கூடாது. எல்லாத் துளையும் ஒரே ஆழம். மீட்டரில் வாயு அளவு அதிகமாகி இறங்காமல் நிற்கும் துளைக்கு அருகேதான் கசிவு.

பிற்சேர்க்கை: “1906க்கு அழைக்கலாமா?” என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது சிலிண்டர் கசிவுக்கான எண். குழாய் வாயுவுக்கு நிறுவனத்தின் அவசர எண் பில்லிலும் சாலையோர அடையாளப் பலகையிலும் இருக்கும். வீட்டுக்குள் வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் வெளியே வந்து, அங்கிருந்து பேசுங்கள்.