நேர்காணலைப் பதிவுசெய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒலி, ஒளி அளவுகள்

வீட்டுப் பெரியவரின் நினைவுகளையோ தெருக்கூத்து வாத்தியார் ஒருவரின் அனுபவங்களையோ பதிவுசெய்ய விரும்புவோர் இன்று பெரும்பாலும் கைபேசியைக் கொண்டே அதைச் செய்கிறார்கள். கருவி போதுமானதுதான். பொத்தானை அழுத்தும் முன் அமைப்புப் பக்கத்தில் தெரியும் சொற்களின் பொருளை அறிந்திருக்க வேண்டும்; ஏனெனில் பதிவின்போதே விடுபட்ட விவரத்தைப் பின்னர் எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது. இந்த வழிகாட்டி ஒருவர் அமர்ந்து பேசும் நீண்ட நேர்காணலை மட்டுமே கருத்தில் கொண்டது.

ஒலியிலிருந்து தொடங்குவதே முறை. படம் சற்று மங்கினாலும் பேச்சு தெளிவாக இருந்தால் பதிவு பயன்படும். பேச்சு புரியாவிட்டால் எவ்வளவு துல்லியமான படமும் ஆவணமாகாது. ஒலியலையின் உயரத்தை ஒரு விநாடியில் எத்தனை முறை அளந்து எண்ணாக எழுதுகிறோம் என்பதே சாம்பிள் ரேட். ஓர் அதிர்வெண்ணைப் பிடிக்க அதன் இருமடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் அளக்க வேண்டும் என்பது விதி. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்பதால் குறுந்தட்டுக்கு 44,100 என்ற அளவு நிலைபெற்றது. வீடியோத் தொழிலின் வழக்கமோ 48,000. படத்துடன் சேரப்போகும் ஒலியைத் தொடக்கத்திலேயே 48 கிலோஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் எடிட்டிங்கின்போது மாற்றும் வேலை இருக்காது.

ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பது பிட் ஆழம். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் (ஒலியின் உரப்பை ஒப்பிடும் அலகு) இடைவெளி கிடைக்கும். 24 பிட்டில் கணக்குப்படி 144. நேர்காணலுக்கு 24 பிட்டையே நான் பரிந்துரைக்கிறேன். முதியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்து திடீரென்று உரக்கச் சிரிப்பார்கள், அல்லது ஒரு வரி பாடிக் காட்டுவார்கள். ஒலியளவைக் குறைத்து வைத்துப் பதிந்து பின்னர் உயர்த்திக்கொள்ளும் வசதியை 24 பிட் தருகிறது. டிஜிட்டல் ஒலியின் அளவைக் காட்டும் மானியில் சுழிய டெசிபெல்லே உச்சவரம்பு. அதைத் தாண்டும் அலையின் தலை வெட்டுப்பட்டு, கரகரவென்ற சிதைவாகப் பதிந்துவிடும். ஆகவே சாதாரணப் பேச்சின் உச்சங்கள் மானியில் −12 டெசிபெல் அருகே நிற்கும்படி முன்கூட்டியே சரிசெய்துகொள்ள வேண்டும். ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ கெயின் வசதியை அணைத்துவிடுவது நல்லது. பேச்சின் நடுவே மௌனம் வரும்போதெல்லாம் அது மின்விசிறியின் இரைச்சலை மேலே தூக்கிவிடும்.

இந்த எண்கள் எல்லாவற்றையும்விட மைக் இருக்கும் தூரம் முக்கியமானது. திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் குரல் 6 டெசிபெல் குறையும். அறைக்குள் எதிரொலியும் தெருவோசையும் அதே அளவில் நிற்க, குரல் மட்டும் அவற்றுக்குள் அமிழத் தொடங்கும். சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ குத்திக்கொள்ளும் காலர் மைக்கை மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தொலைவில், சங்கிலியோ தலைப்போ உரசாத இடத்தில் பொருத்த வேண்டும். பதிவு முழுவதும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருப்பதும் அவசியம். பேச்சு தொடங்கும் முன் அனைவரும் அமைதியாக இருக்க, அறையின் ஓசையை மட்டும் அரை நிமிடம் பதிந்து வைத்தால், பின்னர் இரைச்சலைக் குறைக்கவும் வெட்டிய இடங்களை நிரப்பவும் அது உதவும்.

ஒலியை வேவ் கோப்பாகச் சேமிக்க வேண்டும். அதில் பொதுவாக ஒலி சுருக்கப்படுவதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 518 மெகாபைட் ஆகும். ஃபிளாக் வடிவம் சுருக்கினாலும் எதையும் இழக்காது, மூல எண்களை அப்படியே திருப்பித் தரும். எம்.பி.3 செவிக்குத் தேவையற்றது என்று கணித்த பகுதிகளை நிரந்தரமாக நீக்கிவிடுகிறது. உறவினர்க்கு அனுப்ப அது போதும், மூலப் பிரதிக்கு அது பொருந்தாது. பல கைபேசிகளில் உடன்வரும் பதிவுச் செயலி ஒலியைச் சுருக்கியே சேமிப்பதால், அமைப்புகளைத் திறந்து பார்த்து, வேவ் இல்லையென்றால் வேறு செயலியை நாட வேண்டும்.

வீடியோவில் பலரும் குழம்பும் இடம் கொள்கலனும் கோடெக்கும். எம்.பி.4, எம்.ஓ.வி., எம்.கே.வி. ஆகியவை கொள்கலன்கள். அடுக்குக் கேரியரின் ஒரு தட்டில் சோறும் மறு தட்டில் குழம்பும் இருப்பதைப் போல, படமும் ஒலியும் வசன எழுத்தும் அவற்றுக்குள் தனித்தனியே இருக்கும். படத்தைச் சுருக்கி எழுதும் முறையே கோடெக். 2003இல் வந்த எச்.264 ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் ஓடும்; 2013இல் வந்த எச்.265 அதே தரத்தைக் குறைந்த இடத்தில் தந்தாலும் பழைய கணினிகளைத் திணறவைக்கும். ‘எம்.பி.4 கோப்பு, ஆனாலும் திறக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால், உள்ளே இருக்கும் கோடெக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தெளிவுத்திறனைப் பொறுத்தவரை, அமர்ந்து பேசுபவருக்கு 1920×1080 புள்ளிகள் கொண்ட படம் போதும். மிகக் குறைந்த பிட் ரேட்டில் எடுத்த 4கே படத்தைவிடப் போதிய பிட் ரேட்டில் எடுத்த 1080 படமே மேல். பிட் ரேட் என்பது ஒரு விநாடிப் படத்துக்குச் செலவிடும் தரவின் அளவு. விநாடிக்கு 20 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 9 கிகாபைட் வேண்டும். நினைவக அட்டையை இந்தக் கணக்கின்படி வாங்க வேண்டும்.

ஃபிரேம் ரேட்டும் (விநாடிக்கு எத்தனை படங்கள் என்பது) ஷட்டரும் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம்) ஊரின் மின்சாரத்தோடு தொடர்புடையவை. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டர் 1/50 விநாடி திறந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு மினுக்கங்கள் விழும். 1/60 என்றால் கணக்குப் பொருந்தாமல் படத்தில் கருங்கோடுகள் ஊரும். எனவே இங்கே விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிட வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள கனடாவில் பதிவுசெய்பவர் 30 ஃபிரேமும் 1/60உம் கொள்ளலாம்.

ஒலியைத் தனிக் கருவியில் பதிந்தால், இரண்டும் ஓடத் தொடங்கிய பின் கேமரா பார்க்க ஒருமுறை கைதட்ட வேண்டும். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்தே படத்தையும் ஒலியையும் பொருத்துவார்கள். இரு கருவிகளின் கடிகாரங்களும் முற்றிலும் ஒத்துப்போவதில்லை என்பதால் ஒரு மணி நேரத்தில் ஓரிரு ஃபிரேம் விலகலாம். முடிவிலும் ஒருமுறை தட்டினால் அதைத் திருத்த முடியும். பல கைபேசிகள் ஃபிரேம் ரேட்டை நிலையாக வைக்காமல் மாற்றிக்கொண்டே பதிவதால் உதட்டசைவும் குரலும் பிரியக்கூடும். நிலையான ஃபிரேம் ரேட்டைத் தேர்ந்தெடுக்க வழியுள்ள கேமரா செயலி இதைத் தவிர்க்கும்.

பதிவு முடிந்த அன்றே கோப்புகளை வெவ்வேறு இரண்டு வட்டுகளில் படியெடுத்து, தேதியும் பேசியவர் பெயரும் ஊரும் தெரியும்படி பெயரிட வேண்டும். ஃபேட்32 முறையில் அமைத்த வட்டு 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்தது ஏற்கும். இரு படிகளையும் திறந்து, தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் ஓடவிட்டுப் பார்த்த பிறகே நினைவக அட்டையை அழிக்கலாம்.