புது ஊரில் மலிவான, நல்ல புரிட்டோ

பீன்ஸ், இறைச்சி போன்றவற்றை மைதா ரொட்டியில் வைத்துச் சுருட்டித் தரும் மெக்சிகன் உணவுதான் புரிட்டோ. அதைத் தேடி, சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தெருவை விட்டு நாலு தெரு தள்ளி நடங்கள். மதியம் கட்டட வேலையாட்கள் வரிசையில் நிற்கும் வண்டியோ, மெக்சிகன் மளிகைக் கடைக்குள் இருக்கும் சமையல் கவுன்டரோ கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடலாம்.

அப்புறம், புரிட்டோவைச் சுருட்டும் மெல்லிய ரொட்டியான மைதா டார்ட்டியாவைக் கவனியுங்கள். சூடான கல்லில் போட்டு, அங்கங்கே பழுப்புப் புள்ளி விழும்வரை வாட்டினால் மடிக்கும்போது சட்டென்று கிழியாது. ஆறிப்போனதை அப்படியே சுருட்டினால் நகர்ந்துவிடுங்கள். சல்சா (தக்காளி, மிளகாய் சேர்த்த மெக்சிகன் சட்னி) அங்கேயே அரைத்ததா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

சோறு அடைத்து, அலுமினியத் தாளில் சுற்றிய கனமான புரிட்டோ சான் பிரான்சிஸ்கோ பாணி. வட மெக்சிகோவில் பெரும்பாலும் ஒல்லியாக, ஒன்றிரண்டு பொருளோடுதான் இருக்கும். எனக்கு ஒல்லிதான் பிடிக்கும். அவகாடோவை மசித்துச் செய்யும் குவாக்கமோலேவுக்குப் பல இடங்களில் தனிக் காசு. முதல் தடவை விட்டுவிடுங்கள்.