சீட்டைக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் குஷன் கடைக்காரருக்குத் தலையைச் சொறிய நேரம் இருக்காது. சோபாவுக்குத் துணி மாற்ற வருகிறவர்கள் ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள் சீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பவர்கள் இன்னொரு பக்கம். அந்தச் சீட்டுகள் பெரும்பாலும் தோட்டத்தில் உழைத்த வண்டிகளுடையவை. ஹோண்டா சி70, 1987இல் வந்த இஎக்ஸ்5, 1996இல் கெடாவின் குருன் தொழிற்சாலையிலிருந்து வந்த மொடெனாஸ் கிரிஸ். என்ஜின் இன்னும் பத்து வருடம் ஓடும் என்பார்கள். சீட்டுதான் முதலில் கிழியும்.

கிழிந்த சீட்டை மாற்றுவது பெரிய வித்தையில்லை. ஆனால் சிறிய வேலைதானே என்று அலட்சியமாகச் செய்துதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். நானும் மாட்டிக்கொண்டவன்தான்.

அப்பாவின் பழைய இஎக்ஸ்5க்கு இணையத்தில் ஒரு சீட்டு வாங்கினேன். கறுப்பு நிறம், சிவப்புத் தையல், பார்க்க ஜோராக இருந்தது. பூட்டிக்கொண்டு கோலக் கங்சாருக்குக் கிளம்பினேன். பாதி வழியில் என்ஜின் இழுத்து இழுத்து நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். பெட்ரோல் நிறையவே இருந்தது. மூடிவிட்டு உதைத்தேன், உடனே பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றது. போய்வருவதற்குள் இப்படி நாலு தடவை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் பலனில்லை. கடைசியில் பட்டறை அண்ணன் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, கார்புரேட்டர்ல ஒண்ணுமில்ல. டாங்கி மூடிய அமுக்கி வச்சிருக்க. அது மூச்சு விட வேண்டாமா?”

விஷயம் இதுதான். இந்த வகை வண்டிகளில் பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியில் சின்னத் துவாரம் வைத்திருக்கிறார்கள். அசல் சீட்டின் அடித்தட்டு மூடியில் இடிக்காதபடி அமைந்திருக்கும். நான் வாங்கிய சீட்டில் அந்த இடம் தட்டையாக இருந்தது. நான் உட்கார்ந்ததும் தட்டு மூடியை அழுத்தித் துவாரத்தை அடைத்துவிட்டது. காற்று வராததால் பெட்ரோலும் இறங்கவில்லை.

அதனால் சீட்டு வாங்கும்போது முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே தையல் எப்படி, நிறம் எப்படி என்பதெல்லாம் அப்புறம். கடைக்குப் போகும்போது பழைய சீட்டையும் கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். முன்பக்கக் கீலின் அகலம், பின்பக்கக் கொக்கி இருக்கும் இடம், ரப்பர் கால்களின் உயரம், மூடிக்கு மேலே உள்ள பள்ளம், இந்த நான்கும் ஒத்துப்போனால் போதும். “இஎக்ஸ்5க்குப் போடலாம்” என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. அந்தப் பெயரில் முப்பது வருடத்துக்கு மேலாக வண்டி வருகிறது. உங்கள் வண்டி எந்த வருடத்தது என்று கேட்காமல் சீட்டை எடுத்து நீட்டுகிற கடைக்காரர் மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இடைவெளி போதுமா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. சப்பாத்தி மாவை எலுமிச்சை அளவு உருட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, டாங்கி மூடியின் மேல் வைத்துச் சீட்டை மூடுங்கள். வீட்டில் கனமானவர் யாரோ அவரை உட்காரச் சொல்லுங்கள். பிறகு திறந்து மாவைப் பாருங்கள். ஒரு விரல் கனம் மிஞ்சியிருந்தால் நல்லது. அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தால் அந்தச் சீட்டு ஆகாது.

பல சமயம் சீட்டு சரியாகத்தான் இருக்கும், ரப்பர் கால்களைத்தான் காணோம் என்றாகிவிடும். பழைய சீட்டில் இருந்தவை கல்லாக இறுகி, எப்போதோ உதிர்ந்து போயிருக்கும். சீட்டு உட்கார வேண்டியது அந்த ரப்பர்களின் மேல்தான். அவை இல்லாவிட்டால் பாரம் முழுவதும் கீலிலும் டாங்கியிலும் இறங்கும். ஒரு பக்க ரப்பர் மட்டும் இல்லையென்றால் சீட்டு ஆடும், தட்டு சீக்கிரம் விரிசல் விடும். ஜப்பான் சிலிப்பரை வெட்டி ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒட்டியிருக்கிறேன். ஒரே மாதத்தில் அமுங்கிவிடும். சாதாரண ரப்பர் துண்டும் உதவாது, பெட்ரோல் பட்டால் ஊதி மெத்தென்று ஆகிவிடும். சுற்றிலும் ரப்பர் பால் மரத்தை வைத்துக்கொண்டு நாலு ரப்பருக்குக் கஞ்சத்தனம் பார்க்கிறோம். அந்த வண்டிக்கென்று வரும் ரப்பரையே வாங்கிப் போடுங்கள்.

அடுத்தது போல்ட். துருப்பிடித்த பழைய போல்ட் உடைந்ததும் பக்கத்து இரும்புக் கடைக்கு ஓடுவோம். அங்கே கையில் கிடைப்பது கால் அங்குல போல்ட். அதன் குறுக்களவு 6.35 மில்லி. வண்டியில் இருப்பது 6 மில்லி மரை. முதல் இரண்டு சுற்று ஏறுவது போல இருக்கும், பிறகு பலம் கொடுத்துத் திருகினால் மரை செத்துப்போகும். 6 மில்லி போல்ட்டுக்கு ஜப்பான் வண்டிகளில் பொதுவாக 10ஆம் நம்பர் ஸ்பேனர் பொருந்தும். அந்த ஸ்பேனரையும் நுனியில் பிடித்துத் தொங்காதீர்கள், நடுவில் பிடித்து இறுக்கினாலே போதும். நீளம் அதிகமான போல்ட்டும் வேண்டாம். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனை ஒயரை அறுக்கும், சில வண்டிகளில் பள்ளத்தில் இறங்கும்போது பின் டயரில் உரசும். கீல் ஊசி தொலைந்துவிட்டால் கம்பியை முறுக்கிக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். செம்மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி அது என்றைக்காவது அறுந்தே தீரும்.

கழற்ற வராத போல்ட்டுக்குத் துரு எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். நெருப்பு காட்டவே கூடாது. கீல் பொருந்தவில்லை என்று வண்டியில் வைத்தே வெல்டிங் அடிக்கச் சொல்வதும் அதே மாதிரிதான். கீழே இருப்பது பெட்ரோல் டாங்கி. “பெட்ரோலைக் காலி பண்ணிட்டோம்” என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. நிறைந்த டாங்கியை விடக் காலி டாங்கிதான் ஆபத்து, உள்ளே தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். சீட்டைக் கழற்றித் தூரமாக எடுத்துப்போய் சீட்டுத் தட்டில் மட்டும் வெல்டிங் வையுங்கள். வண்டியின் சட்டகத்தை வெட்டிச் சீட்டுக்கு ஏற்ப மாற்றுவது வேறு கதை. அதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

யமாஹா ஆர்எக்ஸ்இசட் மாதிரி டாங்கி முன்னால் உள்ள வண்டிகளில் மூடித் தொல்லை இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது சீட்டின் முன்பக்க நாக்கு. அது வண்டியில் அதற்கென்று உள்ள பிடிக்குள் முழுதாக நுழைந்ததா என்று பார்க்காமல் பின்பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சீட்டுக்கு அடியில் பேட்டரி இருந்தால், அடித்தட்டு இரும்பாக இருந்தால், பேட்டரியின் பிளஸ் முனைக்கு ரப்பர் தொப்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். தட்டு அதில் பட்டால் பியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம்தான்.

சரி, சீட்டுத் தட்டு நன்றாக இருக்கிறது, மேலே மட்டும் கிழிந்திருக்கிறது என்றால் புதிதாக வாங்கவே வேண்டாம், குஷன் கடையில் கொடுங்கள். அங்கேயும் பேசி வாங்க வேண்டியவை உண்டு. மெத்தைக்குப் போடும் இளசான ஸ்பாஞ்சைப் போட்டால் முதல் நாள் சொகுசாக இருக்கும், இரண்டே மாதத்தில் தட்டு இடுப்பை இடிக்கும். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், எளிதில் அடிவரைக்கும் இறங்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்து மழை சும்மா விடாது. தையல் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி ஸ்பாஞ்சில் தேங்கும். வெளியே காய்ந்த மாதிரி தெரியும், விடியற்காலையில் பால் வெட்டக் கிளம்பி உட்கார்ந்ததும் கால்சட்டை நனைந்துவிடும். ஸ்பாஞ்சுக்கும் மேலுறைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் போடச் சொல்லுங்கள். உட்காரும் இடத்தில் குறுக்கே தையல் வராத மாதிரி தைக்கச் சொல்லுங்கள். சிவப்புத் தையல் ஆசை இருந்தால் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

நீங்களே உறை போடுவதானால் அதை அரை மணி நேரம் வெயிலில் காய வைத்துவிட்டு இழுங்கள், சுருக்கம் விழாது. ஒரு பக்கத்தை முழுக்க ஸ்டேப்பிள் அடித்துவிட்டு மறுபக்கம் போனால் உறை கோணிக்கொள்ளும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அப்புறம் இடமும் வலமும் மாறி மாறி அடிக்க வேண்டும்.

பால் வாளி ஏற்றுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. புதுச் சீட்டின் வால் நீளமாக இருந்தால் கேரியர் கம்பியில் இடித்துக்கொண்டு பூட்டாது. கேரியரைப் போட்டுவிட்டே சீட்டை மூடிப் பார்த்து வாங்குங்கள். சீட்டில் சிந்திய பால் உறைந்துவிட்டால் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், உறை வெளுத்து முறுகிவிடும். நன்றாகக் காய விட்டு நகத்தால் உரித்தால் ஜவ்வு மாதிரி வந்துவிடும். பால் உறைய ஊற்றும் பார்மிக் அமிலம் பட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே தண்ணீர் விட்டு அலசுங்கள், இரும்புத் தட்டை அது அரித்துவிடும்.

பழைய சீட்டை மட்டும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். நான் போட இருந்தேன், அப்பாதான் பிடுங்கி வைத்தார். கடைசியில் அந்த அசல் தட்டுக்கே புது ஸ்பாஞ்சும் உறையும் போட்டுப் பூட்டினோம், வண்டி இப்போது நிற்காமல் ஓடுகிறது. இணையத்தில் வாங்கிய சிவப்புத் தையல் சீட்டு கொல்லையில் கிடக்கிறது. அப்பா அதன் மேல் உட்கார்ந்துதான் கோழிக்குத் தீனி போடுகிறார்.