லினக்ஸ் லேப்டாப் சரியாகத் தூங்கவில்லையா? முதலில் எங்கே சிக்குகிறது என்று பாருங்கள்

லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் அடிப்பக்கம் சுடுகிறது, சார்ஜ் பாதிக்குக் கீழே போய்விட்டது. அன்று கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் சரியாகவில்லை. சஸ்பெண்ட், அதாவது லேப்டாப்பைத் தூங்க வைப்பதில் வரும் கோளாறு, ஒரே கோளாறு அல்ல. தூங்கவே போகாதது ஒன்று, தூங்கியும் பேட்டரியைக் குடிப்பது ஒன்று, எழ மறுப்பது இன்னொன்று. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கீழே உள்ளவை உபுண்டு, டெபியனுக்கானவை. கட்டளைகளை ஒலிப்பில் தந்திருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். தொடங்கும் முன் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுங்கள்.

1. மூடியா, சஸ்பெண்டா?

மூடியைத் தொடாமல், பவர் மெனுவில் இருந்து சஸ்பெண்ட் கொடுங்கள். அப்படித் தூங்கி, மூடினால் மட்டும் தூங்கவில்லை என்றால் சிக்கல் மூடி அமைப்பில்தான். வெளி மானிட்டர் இணைத்திருந்தால் மூடியை மூடினாலும் தூங்காது. அது கோளாறு அல்ல, லினக்ஸின் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் இயல்பான அமைப்பே அப்படித்தான். 'சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்' என்று அடித்தால் தூக்கத்தைத் தடுத்து நிற்கும் நிரல்களின் பெயர் தெரியும்.

2. பதிவைப் படியுங்கள்

'ஜர்னல்சிடிஎல் -கே -பி' என்று அடியுங்கள், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதிய பதிவு வரும். எழாமல் போய், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தால் கடைசியில் -1 சேர்த்து அடியுங்கள், லேப்டாப் அதற்கு முந்தைய முறை இயங்கியபோது எழுதிய பதிவு வரும். அதில் 'சஸ்பெண்ட் என்ட்ரி', 'சஸ்பெண்ட் எக்ஸிட்' என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே சில விநாடிகளே இருந்தால் ஏதோ ஒன்று எழுப்பிவிடுகிறது. என்ட்ரி மட்டும் இருந்து எக்ஸிட் இல்லையென்றால், தூங்கப் போகும்போதோ எழும்போதோ உறைந்துவிட்டது.

3. எந்த வகைத் தூக்கம்?

எனக்கு விடை கிடைத்தது இங்கேதான். 'கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' என்று அடித்தால் ஒரே ஒரு வரி வரும். அதில் 'எஸ்2ஐடில்', 'டீப்' என்ற சொற்கள் இருக்கும், சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் உள்ளது. டீப் என்றால் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றவை பெரும்பாலும் அணைந்துவிடும். எஸ்2ஐடிலில் பிராசசர் முழுக்க அணையாமல் சும்மா இருக்கும். ஏதாவது ஒரு சாதனம் ஓயாவிட்டால் இரவு முழுக்க சார்ஜ் இறங்கும்.

இரண்டும் இருந்து, அடைப்பு எஸ்2ஐடில்மேல் இருந்தால் டீப்பைச் சோதியுங்கள்: 'எக்கோ டீப் | சூடோ டீ /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்'. இதில் சூடோ என்பது நிர்வாகி உரிமையுடன் இயக்கச் சொல்வது. பயம் வேண்டாம், ரீபூட் செய்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். இரண்டு மூன்று முறை தூங்கி எழுந்தால் சரி, நிரந்தரமாக்கலாம். லினக்ஸைத் தொடக்கிவைக்கும் நிரலான கிரப்பின் அமைப்புக் கோப்பு '/ஈடிசி/டிஃபால்ட்/கிரப்'. அதை சூடோவுடன் திறந்து, 'கொயட்' (உபுண்டுவில் 'கொயட் ஸ்பிளாஷ்') இருக்கும் வரியில், மேற்கோளுக்கு உள்ளேயே 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்' என்று சேர்த்துவிடுங்கள். அப்புறம் 'சூடோ அப்டேட்-கிரப்', ஒரு ரீபூட்.

டீப் என்ற சொல்லே வரவில்லையா? புதிய லேப்டாப்கள் பலவற்றில் அது கிடையாது. லேப்டாப்பைப் போட்டதும் திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குள் ஒருமுறை பாருங்கள், லெனோவோவின் சில திங்க்பேட்களில் 'ஸ்லீப் ஸ்டேட்' என்ற இடத்தில் லினக்ஸ் என்று தேர்ந்தெடுக்கலாம்.

4. தானாக எழுகிறதா?

முதலில் யுஎஸ்பி மவுஸ், அதன் டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பாதி வழக்கு அங்கேயே தீரும். தீராவிட்டால் 'கேட் /ப்ராக்/ஏசிபிஐ/வேக்அப்'. அந்தப் பட்டியலில் 'எனேபிள்டு' என்று உள்ளவைதான் எழுப்பக்கூடியவை, 'எக்ஸ்ஹெச்சி' என்று தொடங்குவது யுஎஸ்பி. அதன் பெயரைப் பட்டியலில் உள்ளபடியே எக்கோ, சூடோ டீ வழியாக அதே கோப்புக்கு அனுப்பினால் 'டிசேபிள்டு' ஆகும். இதுவும் ரீபூட் வரைதான்.

5. எழுந்தும் திரை கறுப்பா?

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்தால் இயந்திரம் விழித்துவிட்டது, கிராபிக்ஸ்தான் எழவில்லை. என்விடியா கிராபிக்ஸ் சிப்பும் அந்நிறுவனத்தின் சொந்த டிரைவரும் என்றால் 'என்விடியா-சஸ்பெண்ட்', 'என்விடியா-ரெஸ்யூம்' சர்வீஸ்கள் எனேபிள் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். கர்னல் அப்டேட்டுக்குப் பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்றால், கிரப் திரையில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலில் பூட் செய்யுங்கள். அதில் ஒழுங்காக எழுந்தால், அடுத்த அப்டேட் வரும்வரை அந்தக் கர்னலிலேயே ஓட்டுங்கள்.